மலையேறும் எண்ணெயும் மலையிறங்கும் நீரும்

ஹற்றனிலிருந்து நானுஓயாவை நோக்கிச் செல்லும் புகைவண்டி, சிங்கமலைச் சுரங்கத்தின் இருளை விட்டு வெளிப்பட்டதும் அடைகின்ற முதல் நிலையம் கொட்டகலை. கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், நாற்புறமும் தேயிலைப் பசுமை சூழ அமைந்த இச்சிற்றூரில் இரண்டு திரவங்கள் நெடுங்காலமாக எதிரெதிர்த் திசையிற் பயணஞ் செய்து வருகின்றன. ஒன்று எண்ணெய். தூரதேசங்களிற் பூமியைத் துளைத்து எடுக்கப்பட்டுக் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து மலையேறிக் கொட்டகலை எண்ணெய்க் களஞ்சியத்தை அடைந்து, அங்கிருந்து பவுசர்களில் மலைநாட்டு ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுவது அது. மற்றையது நீர். நம் மலைகளிலேயே பிறந்து, டெவனிலும் சென். கிளயரிலும் வீழ்ந்து, கொத்மலை ஓயாவாகி மகாவலியோடு கலந்து கடலை நாடிச் செல்வது அது. முன்னையதற்கு நாம் அந்நிய நாணயத்தில் விலை கொடுக்கின்றோம். பின்னையது விலையின்றி நம் வாசலைத் தாண்டி ஓடுகின்றது. இவ்விரண்டில் எதனை நம்பி நம் விளக்கையும் அடுப்பையும் தொழிற்சாலையையும் வைத்திருக்கின்றோம் என்னும் கேள்வி, 2022-ஆம் ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்தின் வாசலிலும் வந்து நின்றது.

அவ்வாண்டு நிகழ்ந்தவற்றை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஏப்ரல் 19-ஆம் திகதி ரம்புக்கனையில், எரிபொருள் கேட்டு மறியல் செய்தவர்கள்மீது பொலிசார் சுட்டதில் ஓர் உயிர் பலியாயிற்று. ஜூன் மாத இறுதியிலோ, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறு எவருக்கும் இரண்டு வாரகாலம் எரிபொருள் விற்பதில்லை என அரசாங்கமே அறிவித்தது. களஞ்சியத்தை ஊருக்குள்ளேயே வைத்திருக்கும் கொட்டகலை மக்களும் வெற்றுக் கலன்களை ஏந்தி வரிசையில் நின்றார்கள். பொய்கைக் கரையிலிருந்தும் தாகத்தால் வாடியவன் கதை இதுதான் போலும்!

வரிசையில் நின்றோர் எல்லோரும் ஒரே தன்மையினர் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். பெற்றோலுக்கு நின்றவருக்கு ஒரு வாகனம் இருந்தது. மண்ணெண்ணெய்க்கு நின்ற தோட்டத்துத் தாய்க்கோ விளக்கும் அடுப்புமே இருந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தது. நாட்கூலி பெறுபவரின் வீட்டில் இதன் பொருள் என்ன என்பதை விளக்கக் கணித ஆசிரியர் தேவையில்லை.

தொழிற்சாலைகளின் பாடும் அவ்வாறே. பறித்த கொழுந்து காத்திருக்காது. வாட்டுதொட்டியிற் பரப்பியபின் மின்விசிறிகள் பல மணி நேரம் இடைவிடாது காற்றை ஊதவேண்டும். பின்னர் அரைத்தல், நொதித்தல், உலர்த்துதல் என ஒவ்வொன்றும் குறித்த வேளையில் நடைபெற வேண்டும். நடுவில் மின்சாரம் நின்று, டீசல் எந்திரத்துக்கும் எண்ணெய் இல்லையாயின், காலையிற் குளிரில் நடுங்கிப் பறித்த கொழுந்து மாலையில் எருக்குழிக்கே உரியதாகும். 2021-இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022-இல் ஏறத்தாழ 25 கோடிக்கு இறங்கியது. 2021-இல் விதிக்கப்பட்ட இரசாயன உரத்தடையே இதற்குப் பெருங்காரணம் என்பது உண்மை. ஆயினும் எண்ணெயின்மையும் அதற்குத் துணை நின்றது.

விமலசுரேந்திர கண்ட கனவு

நீரைக்கொண்டு ஒளியேற்றலாம் என்னும் எண்ணம் மலைநாட்டுக்குப் புதியதன்று. அது இங்கேதான் பிறந்தது. 1874-இற் காலியிற் பிறந்து அரசாங்கப் பொறியியலாளராகக் கடமையாற்றிய டி. ஜே. விமலசுரேந்திர என்பவர், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூல் என்னுமிடத்திற் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி வழங்கினார். 1918-இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னிலையில் அவர் ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார். மஸ்கெலியாப் பிரதேசத்து ஆறுகளின் வீழ்ச்சியைக்கொண்டு இத்தீவு முழுவதற்கும் வேண்டிய மின்சக்தியைப் பெறலாம் என்பது அவ்வுரையின் சாரம். நிலக்கரியையும் எண்ணெயையும் கப்பலில் வரவழைத்துக் கொண்டிருந்த காலத்தில் அவர் அவ்வாறு கூறினார். ஆட்சியாளர் செவிசாய்க்கவில்லை. தொடங்கிய வேலையும் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. மனிதர் சோர்ந்தாரில்லை. ஓய்வு பெற்றபின் 1931-இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதனையே பேசினார். ஒரு கருத்துக்காக வாதாடுவது என்றால் இதுவன்றோ!

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் பழைய லக்சபான மின்நிலையம் 1950-இல் 25 மெகாவாற்று ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. ஆய்வுரைக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் இடையே 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. விமலசுரேந்திர அதனைக் கண்ணாரக் கண்டபின்னர் 1953-இற் காலமானார். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கீழ் 1965-இல் அமைந்த நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதன்பின் பொல்பிட்டி 1969-இலும், புதிய லக்சபான 1974-இலும், கனியன் 1983-இலுமாக இந்த ஆற்றுப்படுகையிலேயே மின்நிலையங்கள் எழுந்தன.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேடிக்கை என்பதைவிடக் கொடுமை என்பதே பொருத்தம். இந்நிலையங்களிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட மின்கம்பிகள் தேயிலை மலைகளுக்கு மேலாகவே சென்றன. அக்கம்பிகளுக்குக் கீழே இருந்த லயன்களில் பல பதிற்றாண்டுகளாகக் குப்பி விளக்கே எரிந்தது. மருந்துப் போத்தலிலோ பழைய மின்குமிழிலோ மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கு அது. காற்றிற் சாய்ந்தால் எண்ணெய் கொட்டும். கொட்டினால் பாயும் பாவாடையும் பற்றும். தீக்காயங்களோடு வந்தோருக்குச் சிகிச்சை அளித்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையும் தட்டையுமான மார்மைற் போத்தலைப் பார்த்து, சாய்ந்தாலும் எளிதில் உருளாததும் திருகு மூடியுடையதுமான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். அதற்காக 1998-இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். பாதுகாப்பான விளக்கைச் செய்தது பெருந்தொண்டுதான். எனினும், ஆற்றின் கரையிலிருப்பவனுக்கு மண்ணெண்ணெய் விளக்கு ஏன் வேண்டியிருந்தது என்ற வினா விடையின்றியே நின்றது.

சில்லுச் சுழன்ற காலம்

தேயிலைத் தொழிற்சாலைகள் ஆதியில் எண்ணெயை நம்பிப் பிறக்கவில்லை. வெள்ளைத்துரைமார் காலத்தில் தோட்டத்து ஓடையை மறித்துக் கால்வாய் வெட்டி, நீர்ச்சில்லையோ உருளையையோ சுழற்றி, அதனோடு பட்டி பூட்டி அரைக்கும் எந்திரங்களை ஓட்டினார்கள். இத்தகைய சிறு நீர்விசை நிலையங்கள் மலைநாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. பின்னர் எண்ணெய் எந்திரங்கள் வந்தன. அதன்பின் பொதுமின்சாரம் வந்தது. மலிவாகவும் தொல்லையின்றியும் சக்தி கிடைத்தபோது கால்வாயைத் தூர்வாரி எடுக்க யார் முன்வருவார்? வாய்க்கால்களிற் புல் முளைத்தது. இரும்புக் குழாய்கள் துருவேறின. சில்லுகள் பழைய இரும்புக்கு விலையாயின. இன்றும் சில தோட்டங்களில் தொழிற்சாலைக்குப் பின்புறம் காடு மண்டிய கற்சுவரொன்று நிற்பதைக் காணலாம். அது என்னவென்று கேட்டால் முதியவர் ஒருவர்தான் சொல்லக்கூடும்.

உலர்த்தும் அடுப்புகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒரு கிலோ தேயிலைத் தூள் செய்ய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சிய எடை முழுவதும் நீர். அந்நீரை விரட்டத் தணல் வேண்டும். விறகிட்ட அடுப்புகள் பல ஒரு காலத்தில் எண்ணெய் அடுப்புகளாக மாற்றப்பட்டன. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் கட்டுப்படுத்தியபோது, பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்த விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 12 டொலரைத் தொட்டது. தொழிற்சாலைகள் மறுபடியும் விறகை நாடின. விறகுக்கென வளர்க்கும் யூக்கலிப்ரஸ் மலைகளின் பெறுமதி அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. மரத்தை நட்டுவிட்டு வெட்டுவதாயின் இதிற் குற்றமில்லை. நடாமல் வெட்டினால் எண்ணெயை மிச்சப்படுத்தி மலையை இழந்தவர்களாவோம்.

அதே 1973-இல், பெரியவற்றின் மீதுள்ள மோகத்தைக் கண்டித்து, சிறியதே அழகு என்னும் கருத்துடைய நூலை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார் ஈ. எஃப். சூமாக்கர் என்னும் பொருளியலறிஞர். அவர் 1966-இல் இங்கிலாந்தில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு இலங்கைக்கும் வந்தது. கைவிடப்பட்ட தோட்ட நீர்விசை நிலையங்களைப் புதுப்பிப்பதில் அது முதலில் ஈடுபட்டது. அப்பணியிற் கைதேர்ந்த உள்ளூர்த் தொழில்வினைஞர்கள் உருவானபின், 1990-களில் மின்கம்பி எட்டாத கிராமங்களுக்கு அதன் கவனம் திரும்பியது.

ஊரார் கட்டிய மின்நிலையம்

சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அப்போது தோன்றிய கிராம நீர்மின் திட்டங்கள், சாதாரண சனங்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு நம் நாடு தந்த நல்ல உதாரணம் எனலாம். மாணவர்கள் இதன் அமைப்பை அறிந்துகொள்வது நலம்.

ஓடையின் மேற்பகுதியிற் சிறிய தடுப்பணை. அதிலிருந்து மலைச்சரிவைத் தழுவிச் செல்லும் கால்வாய். கால்வாயின் முடிவில் மணலும் சருகும் படிந்து நிற்பதற்கு ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து செங்குத்தாகக் கீழிறங்கும் குழாய். குழாயின் நுனியிலிருந்து பீறிடும் நீர், அகப்பை போன்ற கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சில்லைத் தாக்கிச் சுழற்றும். சில்லோடு சேர்ந்து மின்பிறப்பாக்கி சுழலும். மின்பிறப்பாக்கி என்றதும் பெருஞ் செலவென எண்ண வேண்டாம். கடையில் விற்கும் சாதாரண மின்மோட்டாரையே மின்பிறப்பாக்கியாகச் சுழலச்செய்து பல கிராமங்கள் மின்சாரம் பெற்றன. ஊரார் விளக்கை அணைத்துவிட்டு உறங்கும்போது எஞ்சும் மின்சாரத்தை என்செய்வது? அதனை ஒரு நீர்த்தொட்டியில் மூழ்கிய வெப்பக் கம்பிக்குத் தானாகவே திருப்பிவிடும் சிறு கருவியொன்றும் இணைக்கப்பட்டது. அதனால் மின்னழுத்தம் எகிறாமல், வீட்டு மின்குமிழ்கள் கெடாமல் இருந்தன.

கருவியைவிட வியக்கத்தக்கது அதனைச் சுற்றி எழுந்த சங்கம். மின்நுகர்வோர் சங்கம் என்னும் பெயரில் ஒவ்வொரு கிராமத்தவரும் கூடினர். கால்வாய் வெட்டுவதும், மணல் சுமப்பதும், கம்பம் நடுவதும் சிரமதானமாயின. சங்கமே நிலையத்தின் உரிமையாளர். சங்கமே மாதக்கட்டணம் வசூலித்தது. சங்கமே இயக்குநரை நியமித்தது. ஒரு வீட்டுக்கு நூறு அல்லது இருநூறு வாற்றே கிடைக்கும் இடங்களில், அந்திவேளையில் மின்னழுத்தியைப் போடக்கூடாது எனக் கட்டுப்பாடு விதித்ததும் சங்கமே. கட்டுப்பாட்டை மீறியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க அதிகாரி எவரும் வேண்டியதில்லை. ஊர் முழுவதும் விளக்கு மங்கிவிடும்! 1997-இலும் 2002-இலும் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய இரு திட்டங்களால் கடன்வசதி கிடைக்கவே, இத்தகைய சங்கங்கள் இருநூறுக்கு மேல் பெருகின. அவை தமக்கென ஒரு சம்மேளனத்தையும் அமைத்து அரசாங்கத்தோடு பேச்சு நடத்தின.

இனி நம் மனத்தை உறுத்தும் கேள்விக்கு வருவோம். சிங்களக் கிராமங்களில் இத்துணைச் சிறப்பாக நடந்த ஒன்று, நீர்வளத்தில் அவற்றுக்குச் சற்றும் குறையாத தோட்டங்களில் ஏன் பரவவில்லை? தொழிலாளர்க்கு உழைப்பில் ஊக்கமில்லை என்று சொல்ல எவருக்கும் நாக்கூசும். இம்மலைகளின் பாதைகளையும் கால்வாய்களையும் வெட்டியவர் யார்? சங்கம் நடத்தத் தெரியாதவர் என்றும் சொல்ல இயலாது. தொழிற்சங்கத்தின் வரலாறு நமக்கு உண்டு. காரணம் வேறு. கிராமத்தவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. கால்வாய் தன் காணி வழியாகச் செல்ல அவன் சம்மதிக்கலாம். கடனுக்குப் பொறுப்பு நிற்கலாம். தோட்டத்தவனுக்கோ ஓடை சொந்தமன்று, ஓடைக்கரை சொந்தமன்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன் காம்பிராவும் சொந்தமன்று. கம்பம் நடுவதற்குக்கூடத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வரியும் வாக்கும் தந்த மக்கள் வாழும் இடத்தில் ஒரு தெருவிளக்கு இடவும் சபைக்குத் தயக்கம் இருந்தது. இச்சட்டம் 2018-இலேயே திருத்தப்பட்டது.

ஆகவே மலையகத்தில் தூயசக்தியைப் பற்றிப் பேசுவோர் நில உரிமையைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது என்பது என் துணிபு. கொழும்பு மாநாடுகளில் இவ்விரண்டையும் வெவ்வேறு மேசைகளில் வைத்துப் பேசுகின்றனர். இங்கே அவை ஒரே மேசையின் இரு கால்கள்.

தலவாக்கலையின் அனுபவம்

நீர்மின்சாரம் என்றால் எல்லாம் நன்மையே எனக் கண்ணை மூடிக்கொள்வதும் தகாது. கொட்டகலையை அடுத்துள்ள தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வகுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு பலருக்கும் நினைவிருக்கும். கொத்மலை ஓயாவை அந்நகரில் மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக நியங்கந்தொரையிலுள்ள மின்நிலையத்துக்குச் செலுத்துவது அத்திட்டம். சென். கிளயர் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்றும், மலைச்சரிவு தளர்ந்து மண்சரியும் என்றும், வீடுகள் நீரில் மூழ்கும் என்றும் சுற்றாடல் அமைப்புகள் வாதிட்டன. மலையகத்து அரசியல் இயக்கங்களான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் மலையக மக்கள் முன்னணியும் எதிர்ப்புத் தெரிவித்தன.

எதிர்ப்பு முற்றாக வெல்லவில்லை, முற்றாகத் தோற்கவுமில்லை. முதலில் வேறு நீர்வீழ்ச்சிகளின் ஓடைகளையும் திருப்ப எண்ணியிருந்தவர்கள் அதனைக் கைவிட்டுத் திட்டத்தைச் சுருக்கினர். சென். கிளயருக்குப் பகல் வேளையில் நீர்விட இணங்கினர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் புதிய வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 150 மெகாவாற்று ஆற்றலுடைய அந்நிலையம் 2012-இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. அதே அளவு சக்திக்கு எண்ணெய் எரிப்பதாயின் எத்தனை பவுசர்கள் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கத் தகும். ஆயினும் முழுநேரமும் ஆர்ப்பரித்த ஓர் அருவி, வேலைநேரம் குறித்த உத்தியோகத்தரைப் போல் ஆகிவிட்டதைப் பார்க்கையில் மனம் சிறிது கனக்கத்தான் செய்கின்றது. சிறிய தனியார் நீர்மின் நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. 1996-இல் டிக்கோயாவில் தொடங்கிய அத்துறை இன்று பல ஆறுகளிற் பரவியிருக்கின்றது. குழாய்க்குள் முழு நீரையும் விட்டுவிட்டு ஆற்றுப்படுகையை வெறும் பாறையாக்கும் நிலையத்தைத் தூயசக்தி என்றழைக்க என் நா எழவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

பொதுச்சபையொன்று தானே மின் உற்பத்தியாளராகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலுள்ள ஓடந்துறை ஊராட்சி சான்று. கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே உள்ளது அச்சிற்றூர். 1996 முதற் பத்தாண்டுகள் அதன் தலைவராயிருந்த ஆர். சண்முகம், குடிநீர் இறைக்கும் மின்செலவு ஊராட்சியின் வருமானத்தை விழுங்குவதைக் கண்டார். முதலில் மரத்துண்டிலிருந்து வாயு உண்டாக்கும் சிறு எந்திரமொன்றை நிறுவினார்கள். பின் 2006-இல், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஒரு கோடியே 55 இலட்சம் இந்திய ரூபாய்ச் செலவில் 350 கிலோவாற்றுக் காற்றாலையொன்றை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். தம் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மாநில மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்தச் சபைக்கு நிதி செலவிடும் அதிகாரம் இருந்தது. வங்கி கடன் கொடுத்தது. வாரியம் மின்சாரத்தை வாங்க உடன்பட்டது. நம் பிரதேச சபைகளுக்கு 2018-க்குப் பின் முதலாவது ஓரளவு வாய்த்திருக்கின்றது. மற்றவற்றைக் கேட்டுப் பெறல் வேண்டும்.

இலங்கைக் கிராமங்களின் பிற்கால அனுபவமும் இதையே காட்டுகின்றது. 2016 அளவில் நாடு முழுவதுக்கும் பொதுமின்சாரம் எட்டிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கம்பி வந்ததும் கிராமத்துச் சில்லுகள் பல ஓய்ந்தன. ஊரார் வியர்வையாற் கட்டிய கால்வாயைப் புல் மூடியது. துரைமார் காலத்துக் கதை மீண்டும் நடந்தது. ஒரு சிலவே தம் மின்சாரத்தைப் பொதுக்கம்பியோடு இணைத்து விற்கும் உரிமையைப் போராடிப் பெற்றன. 2022-இல் நாள்தோறும் இருளில் அமர்ந்திருந்தபோது, ஓய்ந்த அச்சில்லுகளை நினைத்து வருந்தியோர் பலர் இருந்திருப்பார்கள்.

கூரையும் அடுப்பும்

சூரிய ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரைமேல் தகடுகளைப் பொருத்தி, மிகுதி மின்சாரத்தைப் பொதுக்கம்பிக்கு வழங்கும் ஏற்பாட்டை 2016-இல் அரசாங்கம் விரிவாக்கியது. வசதியுள்ளோர் பலர் பயன்பெற்றனர். மூடுபனியும் மழையும் மிகுந்த நம் பகுதிக்கு இது உதவுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது சூரியத் தகடு சோம்பிக் கிடக்கும். ஆனால் அப்போதுதான் ஓடை பெருகி ஓடும். தை, மாசியில் ஓடை மெலியும், வானமோ தெளிந்திருக்கும். ஒன்று தளரும்போது மற்றொன்று தோள் கொடுப்பதால், இரண்டையும் சேர்த்து வைப்பதே மலைநாட்டுக்குப் பொருத்தம். ஆனால் சூரியத் தகட்டுக்கும் கூரை வேண்டும். வரிசையாகப் பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் லயனின் கூரை யாருடையது? இந்திய உதவியோடு கட்டப்படும் தனி வீடுகளுக்கு 2017-இல் நோர்வூட்டில் மேலும் 10,000 சேர்த்து அறிவிக்கப்பட்டது. தனி வீடும், அதற்குரிய உறுதியும் கைக்கு வந்த குடும்பத்துக்கே இந்த வழி உண்மையாகத் திறக்கும்.

விளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் அடுப்பை மறந்துவிடுகின்றோம். அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் பேசும் மேடைகளில் இல்லாததே இதற்குக் காரணமாயிருக்கலாம். தோட்டத்து வீடுகளில் இன்றும் விறகடுப்பே பெரிதும் எரிகின்றது. புகைபோக்கியற்ற காம்பிராவில் மூன்று கல் அடுப்பின் புகை தாயின் கண்ணையும் குழந்தையின் நெஞ்சையும் கெடுக்கின்றது. 1980-களில் நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட 'அனகி' என்னும் களிமண் அடுப்பில் ஒரே தீயில் இரண்டு பானைகள் கொதிக்கும். முதற்பானைக்கு எஞ்சும் சுவாலை இரண்டாவதற்குச் செல்லும். விறகும் குறையும், விறகு தேடி மலையேறும் நேரமும் குறையும். குயவரின் கைவேலையாகையால் இதற்கு அந்நிய நாணயம் ஒரு சதமும் வேண்டியதில்லை. வாயு உருளைக்காகக் கொழும்பில் வரிசை நின்றபோது நகரத்தவர்கள்கூட இதனைத் தேடி வாங்கினார்கள்.

ஓடையை அளப்பது எப்படி?

சங்கம் அமைக்கவோ, சபையிடம் மனுக் கொடுக்கவோ போகிறவர் கையில் ஓர் எண் இருத்தல் நன்று. பள்ளி மாணவர்கள் விடுமுறையில் இதனைச் செய்து முடிக்கலாம். சிற்றோடையாயின், நீர் முழுவதையும் ஒரு தகரத்தின் வழியாக வாளியில் விழச்செய்து, நிரம்பும் நேரத்தைக் கைக்கடிகாரத்தாற் குறித்துக்கொள்க. 20 லீற்றர் வாளி 4 விநாடியில் நிரம்பினால், விநாடிக்கு 5 லீற்றர் எனக் கொள்க. ஓடை பெரிதாயின், நேராக ஓடும் 10 மீற்றர் தூரத்தை அளந்து, ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு நேரத்தைக் கணிக்க. அகலத்தையும் சராசரி ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி, கற்கள் நிறைந்த நம் ஓடைகளில் வந்த விடையின் மூன்றில் இரண்டு பங்கையே எடுத்துக்கொள்க. ஏனெனில் மேற்பரப்பு நீர் அடிநீரைவிட விரைந்தோடும்.

உயரத்தை அளக்க நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் போதும். அதன் இரு நுனியிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்பதைக்கொண்டு, படிப்படியாகக் கீழிறங்கி ஒவ்வொரு படியின் உயரத்தையும் கூட்டிக்கொள்க. லீற்றரை மீற்றராற் பெருக்கி, வருவதை ஐந்தாற் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை வாற்று என்பது தெரியும். உராய்விலும் எந்திரத்திலும் வீணாகும் பாதி இக்கணக்கிற் கழிந்துவிடுகின்றது. விநாடிக்கு 5 லீற்றர் நீர் 40 மீற்றர் வீழ்ந்தால் ஆயிரம் வாற்று. ஒரு வீட்டுக்கு 7 வாற்று மின்குமிழ் மூன்று எனக் கொண்டால், நாற்பது வீடுகளுக்கு 840 வாற்றே தேவை. மிகுதி 160 வாற்றைக் கைத்தொலைபேசிகளுக்கும் வானொலிப் பெட்டிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் அளந்து ஏமாறுதல் ஆகாது. பங்குனி மாதத்தில், மழை விட்டுச் சில வாரங்கள் கழிந்தபின், ஓடை மிக மெலிந்திருக்கும் நாளில் அளக்க. அந்நீரிலும் ஒரு பகுதியை மீனுக்கும், கீழேயுள்ள குடியிருப்பின் குடத்துக்கும் ஒதுக்கிவிட்டு எஞ்சியதையே கணக்கில் எடுக்க. அளந்த திகதியையும் இடத்தையும் அருகே குறித்து, அடுத்த பங்குனியில் அதே இடத்தில் மறுபடியும் அளந்து பார்க்க.